பேரும் அரைப்பேரும்

அண்மையில் கண்டி நகரத்தில் நம்மைக் காண வந்த இளைஞர் ஒருவர், தம் தொழிலில் எழுந்த ஓர் ஐயத்தை நம் முன் வைத்தார். முன்னொரு காலத்தில் நம்மிடம் பாடம் கேட்டவர்; இப்பொழுது நகரிலுள்ள விளம்பர நிலையம் ஒன்றில் பணி புரிகிறார். கணக்குப் பற்றிய ஐயமாகத்தான் அது தொடங்கிற்று. பேசப் பேச, அது கணக்கை விட்டு நியாயத்தின் எல்லைக்குள் புகுந்துவிட்டது. அவர் விடைபெற்றுப் போன பின்னரும் அது நம்மை விட்டுப் போகாதபடியால், வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ளத் துணிகிறோம். ஆசிரியர்களும் மாணவர்களும் அன்றாடம் புள்ளி இடுபவர்களும் புள்ளி பெறுபவர்களுமே. அளவை பற்றிய பிரச்சினை அவர்களுக்கு அந்நியமானதன்று.

விஷயம் இதுதான். கண்டி வாவிக்கு அண்மையில் உல்லாசப் பயணிகளுக்குத் தேயிலைப் பொட்டலங்கள் விற்கும் கடை ஒன்று அந்நிலையத்தின் வாடிக்கையாளர். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பயணி கண்டிக்குப் புறப்படுமுன் கூகுளில் தேடுவார். பத்து முகவரிகள் வரிசையாக வரும். இரண்டு மூன்றைத் திறந்து படித்து, எதை நம்புவது என்று தாமே தீர்மானிப்பார். இன்று அவர் செயற்கை நுண்ணறிவு விடைப்பொறியிடம், கண்டியில் நல்ல தேயிலை எங்கே கிடைக்கும் என்று ஒரே வசனத்தில் கேட்கிறார். பொறி பல பக்கங்களிலிருந்து துண்டு துண்டாகப் பொறுக்கியெடுத்து, தானே ஒரு விடையைக் கோத்துத் தந்துவிடுகிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது. 2024 மே மாதம் கூகுள் நிறுவனமே தன் தேடற் பக்கத்தின் உச்சியில் இத்தகைய தொகுப்பு விடைகளை அமெரிக்காவில் பரவலாக வைக்கத் தொடங்கிற்று. அது முதல் வணிகர்களுக்கு ஒரு புதிய கவலை பிறந்தது: அந்த விடைக்குள் நம் கடையின் பேர் வருகிறதா? கவலை பிறந்த இடத்தில் அதைத் தீர்ப்பதாகச் சொல்லும் தொழிலும் பிறந்தது. பக்கங்களைப் பொறி எளிதில் பொறுக்கத்தக்க விதமாகத் திருத்தி எழுதுவதே அத்தொழில். நம் இளைஞர் அதைத்தான் செய்கிறார். மாதந்தோறும் அதற்குக் கட்டணம் உண்டு. மாத முடிவில் கடை முதலாளி கேட்கிறார்: நான் கொடுத்த பணத்துக்கு எனக்கு என்ன வந்தது?

கேள்வி நியாயமானது. காசு கொடுத்தவன் கேட்கத்தான் செய்வான். ஆனால் இதற்கு விடை சொல்லும்போதுதான் இளைஞரின் மனச்சாட்சி உறுத்துகிறது. "நான் மாதா மாதம் ஓர் அறிக்கை கொடுக்கிறேன், சேர். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அது உண்மையா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை" என்றார்.

பொய்யில்லாத ஒன்று எவ்வாறு உண்மையற்றதாக இருக்க முடியும்? அவ்வறிக்கையை அவர் நமக்குக் காட்டினார். பயணிகள் கேட்கக்கூடிய கேள்விகள் சிலவற்றை அவர் எழுதி வைத்திருக்கிறார். அவற்றை வெவ்வேறு விடைப்பொறிகளிடம் கேட்டு, எத்தனை விடைகளில் கடையின் பேர் வந்தது, எத்தனையில் போட்டிக் கடைகளின் பேர் வந்தது என்று எண்ணிக் குறிக்கிறார். சென்ற மாதத்தைவிட இம்மாதம் கூடியிருந்தால் அம்புக்குறி மேல்நோக்கி நிற்கும். முதல் நிரலின் தலைப்பு, 'பேர் வந்த தடவை'.

இந்த எண்ணிக்கையில் முதற் பழுது, எண்ணப்படும் பொருள் நிலையாக நில்லாமையே. ஒரே கேள்வியை ஒரே பொறியிடம் காலையில் கேட்டால் ஒரு பட்டியலும் மாலையில் கேட்டால் வேறொரு பட்டியலும் வரும். கேட்கும் மொழியையும், கேட்பவர் முன்பு கேட்டவற்றையும், இருக்கும் நாட்டையும் பொறுத்தும் விடை மாறும். பயணிகள் உண்மையில் எந்தச் சொற்களால் கேட்டார்கள் என்பதை விடைப்பொறிக்குச் சொந்தக்காரர்கள் அறிவர். கண்டிக் கடைக்காரர் அறியார். ஆகவே அறிக்கையில் உள்ளவை இளைஞர் கற்பனை செய்த கேள்விகளுக்கு இளைஞருக்குக் கிடைத்த விடைகளே.

அடுத்தது, அந்த விடையைப் படித்தவர் கடைக்கு வந்தாரா என்பது. இங்கே தடயம் பெரும்பாலும் அழிந்துவிடுகிறது. 2025 மார்ச் மாதத்தில் அமெரிக்கர் 900 பேரின் இணையப் பழக்கத்தைப் பியூ ஆய்வு நிலையம் பதிவு செய்து பார்த்தது. தொகுப்பு விடை தோன்றாத தேடல்களில் நூற்றுக்குப் பதினைந்து தடவை மக்கள் ஏதாவதொரு முகவரியைத் திறந்தார்கள். தொகுப்பு விடை தோன்றியபோது அது எட்டாகக் குறைந்தது. தொகுப்பு விடைக்குள்ளேயே காட்டப்பட்ட மூலப் பக்கத்தைத் திறந்தவர்கள் நூற்றுக்கு ஒன்று. விடை கிடைத்தவன் வாசற்கதவைத் தட்ட வேண்டியதில்லையல்லவா? அவன் கடையின் பேரை மனத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு கிழமை கழித்து, முச்சக்கர வண்டிக்காரரிடம் அதைச் சொல்லி வந்து இறங்கக்கூடும். வண்டிக்காரரே வேறு கடையில் இறக்கிவிடவும் கூடும். எதுவும் கணினியின் ஏட்டில் பதியாது. காசாளரிடத்தில், எங்களைப் பற்றி எவ்வாறு அறிந்தீர்கள் என்று கேட்டு எழுதும் வழக்கத்தையும் இளைஞர் ஏற்படுத்தியிருக்கிறார். அது நல்ல யோசனைதான். ஆனால் மனிதனின் ஞாபகம், அவனை அழைத்து வந்த பாதை முழுவதையும் வைத்திருப்பதில்லை. கடைசியாகக் கண்டதையே முதலிற் சொல்லும்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய பழுது ஒன்று உண்டு. இந்நாட்டுக்கு 2022இல் வந்த உல்லாசப் பயணிகள் சுமார் 7 லட்சத்து 20 ஆயிரம் பேர். பொருளாதாரம் முறிந்து, எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற ஆண்டு அது. 2023இல் அத்தொகை ஏறக்குறைய 14 லட்சத்து 87 ஆயிரமாயிற்று. 2024இல் இருபது லட்சத்தைத் தாண்டிற்று. ஆகவே 2023இல் எந்தக் கடைக்காரன் எந்த விளம்பரத்தைத் தொடங்கியிருந்தாலும், ஏன், வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டிருந்தாலும், மறு ஆண்டு விற்பனை கூடியிருக்கும். ஆண்டுக்குள்ளேயும் இதே கதைதான். ஆனியில் வேலையைத் தொடங்கிய விளம்பரக்காரர் எசல பெரஹரா நடக்கும் மாதத்தில் அறிக்கை கொடுத்தால், யானை இழுத்து வந்த கூட்டத்தைத் தாம் இழுத்து வந்ததாக எழுதிக்கொள்ளலாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்து, கண்டி மாவட்டத்து மலைச்சரிவுகள் வீடுகளையும் மனிதரையும் மூடியபோது பயணிகள் வராமற் போனார்களே, அந்த இறக்கத்தை எவராவது தம் பேரில் எழுதிக்கொள்வார்களா? ஏற்றம் நம்முடையது, இறக்கம் இயற்கையுடையது என்னும் கணக்கு, கணக்காகாது.

இந்த இடத்தில்தான் இளைஞரின் தாயைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. அவர் தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். மகனுடைய அறிக்கையில் உள்ள 'பேர்' என்னும் சொல்லுக்கு அந்த வீட்டில் வேறொரு பொருள் உண்டு. மலையகத் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். காலையில் பிரட்டுக்களத்தில் நின்று, மலையேறி, நிர்ணயித்த நிறைக்குக் குறையாமல் கொழுந்து கொணர்ந்தால் செக்றோலில் ஒரு பேர் விழும். அந்நிறை தோட்டத்துக்குத் தோட்டம் பதினாறு, பதினெட்டு, இருபது கிலோ என வேறுபடும். குறைந்தால் அரைப்பேர். முழுநாள் உழைத்த மனிதருக்குப் பாதிச் சம்பளம் என்பதைத் தோட்டத்து மொழி, 'அரைப்பேர்' என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது. ஒரு மனிதரின் பெயரையே பாதியாக வெட்டும் இச்சொல்லை ஆக்கியவர் யாரென்று தெரியவில்லை; துரைமார் அல்லர், அவர்களுக்கு இவ்வளவு தமிழ் வராது.

தராசு முன்னால் நடப்பதையும் சொல்ல வேண்டும். மடுவத்தில் கொழுந்தை நிறுக்கும்போது சாக்குக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவு, இலையில் ஒட்டிய ஈரத்துக்கு இவ்வளவு என்று சில கிலோவைக் கழிப்பது பல தோட்டங்களில் வழக்கம். மழை நாளில் கழிவு கூடும். காரணம் கேட்டால் தர்க்கம் பிழையற்றதாகவே இருக்கும்: நாங்கள் காசு கொடுப்பது இலைக்கு, தண்ணீருக்கு அன்று. உண்மைதான். தண்ணீர் அப்பெண்ணின் உழைப்பால் விளைந்ததன்று. அது வானத்திலிருந்து தானாக வந்தது. கழிவு நியாயத்துக்கு மேற்பட்டுவிடுகிறது என்பதே தொழிலாளர்களின் நெடுநாளைய முறைப்பாடு. கழிக்கும் கோட்பாட்டை அவர்கள் மறுப்பதில்லை.

அப்படியானால் நாம் கேட்கிறோம்: அதே கோட்பாடு வாவிக்கரையில் ஏன் செல்லுபடியாவதில்லை? பெரஹராவுக்கு வந்த கூட்டம் விளம்பரக்காரரின் கூடையில் ஒட்டிய மழைத்தண்ணீர் அல்லவா? பொறி பேர் சொல்லாவிட்டாலும் கடைக்கு வந்திருக்கக்கூடியவரைக் கழித்த பின் எஞ்சுபவர்தானே அவர் பறித்த கொழுந்து? கழித்துப் பார்க்கும் முறை தெரியாத காலமுமன்று இது. ரொனால்ட் பிஷர் என்னும் ஆங்கிலப் புள்ளிவிவர அறிஞர் 1935இல் வெளியிட்ட பரிசோதனைத் திட்டம் பற்றிய நூலில், ஒரு தேநீர்க் கதையைக் கொண்டே இம்முறையை விளக்குகிறார். கோப்பையில் முதலில் ஊற்றப்பட்டது பாலா தேநீரா என்பதைச் சுவைத்தே சொல்ல முடியும் என்று ஒரு மாது கூறினார். பிஷர் அவரை நம்பவுமில்லை, மறுக்கவுமில்லை. எட்டுக் கோப்பைகள், நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில், கொடுக்கும் வரிசையைக் குருட்டுவாக்கில் தீர்மானிப்பது. தற்செயலாகவே சரியாகச் சொல்லிவிடக் கூடிய வாய்ப்பு எவ்வளவு என்பதைக் கணக்கிட்டு, அதைக் கழித்த பின்னரே திறமையைப் பற்றிப் பேசுவது. எட்டுக் கோப்பைகளையும் தற்செயலாகச் சரியாகப் பிரிக்கும் வாய்ப்பு எழுபதில் ஒன்று.

கடைக்கும் இதைச் செய்யலாம். விற்கும் பொருள்களின் பக்கங்களை நாணயம் சுண்டி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைப் பொறிக்கேற்பத் திருத்தி, மறு பாதியைத் தொடாமல் விட்டு, இரண்டின் விற்பனையையும் சில மாதங்கள் ஒப்பிட்டால், வானத்திலிருந்து வந்தது இரண்டு பக்கமும் சமமாக விழும். மிகுவது வேலையின் பயன். ஆனால் நாளொன்றுக்கு இருபது முப்பது பேர் வரும் சிறு கடையில் ஒன்றிரண்டு விற்பனை கூடினால், அது வேலையின் பயனா, மழையற்ற நாளின் பயனா என்று பிரித்தறிய இயலாது. பல சமயங்களில் நேர்மையான விடை, 'தெரியவில்லை' என்பதாகவே இருக்கும். சந்தையில் அச்சொல்லுக்கு விலையில்லை. இளைஞரின் இக்கட்டு இதுவே. தாய்க்குச் சம்பளம் கழிவோடு வந்தது. மகனுக்குச் சம்பளம் கழிக்காமல் இருப்பதால் வருகிறது.

பேர் என்பது இந்த மலைநாட்டில் என்றுமே சமமாகப் பங்கிடப்பட்டதில்லை. தெல்தோட்டைக்கு அப்பால் லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலையை வணிகப் பயிராக நட்டவர் ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர். உலகச் சந்தையில் நிலைத்த பேர் அவருடையதன்று. 1890இல் இங்கு வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கேத்தலுக்கு என்னும் கருத்தமைந்த விளம்பரத்தால் இலங்கைத் தேயிலையைத் தம் பேராகவே ஆக்கிக்கொண்டார். டெய்லர் 1892இல் தோட்டத்திலேயே இறந்தார். அவருடைய உடலைத் தொழிலாளர் தோள்மாற்றித் தோள்மாற்றிக் கண்டி வரை சுமந்து வந்து மஹியாவையில் அடக்கம் செய்தனர். கல்லறையில் டெய்லரின் பேர் இருக்கிறது. சுமந்தவர்களின் பேர் இல்லை. அந்த 19 ஏக்கரையும் வெட்டி நட்டவர்களின் பேரும் இல்லை. இன்று விடைப்பொறியிடம் இலங்கைத் தேயிலையைத் தோற்றுவித்தவர் யார் என்று கேட்டால் அது டெய்லர் என்று விடை தரும். பொறியைக் குறை சொல்லிப் பயனில்லை. எழுதி வைக்கப்பட்டதையே அது திரும்பச் சொல்கிறது. எழுதி வைப்பதற்கு வசதியும் மொழியும் ஓய்வும் இருந்தவர் யார் என்பதுதான் கேள்வி.

விளம்பரத்துக்காகத் தேயிலையின் மீது வரி விதித்து நிதி திரட்டுவதும் புதிதன்று. 1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சியில் இலங்கைத் தேநீர்ச்சாலை அமைந்தது. அங்கே பத்து லட்சம் பொட்டலங்கள் விற்றதாகத் தேயிலைப் பிரசுரங்கள் இன்றுவரை கூறி வருகின்றன. 1932இல் ஏற்றுமதி வரிப் பணத்தில் இலங்கைத் தேயிலைப் பிரசார சபை எழுந்தது. 2010இல் ஏற்றுமதியாகும் ஒவ்வொரு கிலோவுக்கும் மூன்றரை ரூபா விளம்பர அறவீடு வந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ முப்பது கோடி கிலோ ஏற்றுமதியான அந்நாட்களில் அது நூறு கோடி ரூபாவை ஒட்டிய தொகை. 1972இல் நாடு தன் பேரை மாற்றிக்கொண்டது. 'சிலோன் டீ' மாற்றிக்கொள்ளவில்லை. அந்தப் பேரில் அவ்வளவு முதல் போடப்பட்டிருந்தது. ஆனால் சிலோன் என்னும் பேரைத் தாங்கிய தேயிலையைப் பறித்தவர்களை, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் சிலோன்காரர் அல்லர் என்று தள்ளிற்று. 1964இல் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை அவர்களைத் தலைக்கணக்கில் இரு நாடுகளுக்குமாகப் பங்கிட்டது. எஞ்சியோருக்குச் சட்டம் முழுமையாக இடங்கொடுத்தது 2003இல். சரக்குக்குக் கிடைத்த பேர், அதை ஆக்கிய கைக்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள் கிடைக்கவில்லை.

இனி உண்மை பற்றிய விஷயத்துக்கு வருவோம். 2023 இறுதியில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம், டில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகம் முதலிய இடங்களைச் சேர்ந்த ஆய்வாளர் சிலர், விடைப்பொறியில் ஒரு பக்கம் எடுப்பாகத் தெரிய என்ன செய்யலாம் என்று ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பத் திணிக்கும் பழைய உபாயம் பலிக்கவில்லை. புள்ளிவிவரம் சேர்த்தல், மேற்கோள் சேர்த்தல், ஆதாரம் காட்டுதல் ஆகியன நன்கு பலித்தன. 40 வீதம் வரை எடுப்புக் கூடிற்று. இதைக் கேட்டதும் ஆசிரியர்கள் மகிழக்கூடும்: ஆதாரத்தோடு எழுது என்று நாம் தொண்டை வறளச் சொன்னதைப் பொறியாவது மதிக்கிறதே! சற்றுப் பொறுக்க வேண்டும். அவர்கள் அளந்தது விடைக்குள் ஒரு பக்கம் பெறும் இடத்தை. எத்தனை சொற்கள், எவ்வளவு முன்னால் என்பதை. எழுதியது மெய்யா என்பதையன்று, விற்பனை கூடிற்றா என்பதையுமன்று. ஆதாரத்தின் தோற்றத்துக்குப் பரிசு கிடைக்கும் இடத்தில், ஆதாரத்தைத் தேடுவதைவிடத் தோற்றத்தை ஆக்குவது மலிவானது.

இளைஞர் தயங்கியவாறு ஒரு பத்தியைப் படித்துக் காட்டினார். கடையின் பக்கத்துக்கு அவரே எழுதியது. தலைமுறை தலைமுறையாக மகிழ்ச்சி பொங்கப் பறிக்கும் கைகள் என்று அதில் ஒரு வரி. நிறுவனத்தின் மேலாளர் கேட்டுக்கொண்டபடி, பறிக்கும் பெண் ஒருவர் சொன்னதாக ஒரு மேற்கோளும் இருந்தது. அப்பெண்ணை எவரும் சந்திக்கவில்லை. அவ்வரி இப்போது விடைப்பொறியின் வாயில், வேறு சொற்களில், எவரோ ஒருவருடைய திறன்பேசியில் வந்துகொண்டிருக்கிறது. விளம்பரம் என்று தெரிந்து படிப்பவன் பாதியைத் தள்ளிவிட்டுப் படிப்பான். சுவரொட்டியில் சிரிக்கும் கொழுந்துப் பெண்ணைக் கண்டவர் எவரும் அதைச் சாட்சியமாக எடுத்துக்கொண்டதில்லை. விடைப்பொறியோ அதே சிரிப்பை, ஒரு பக்கமும் சாராதவர் சொல்லும் தகவல் போல நிதானமான குரலில் சொல்கிறது. விளம்பரத்தின் முகம் மறைந்து அறிவின் முகம் வருகிறது. இதுவே இத்தொழிலின் வலிமை. இதன் அறக்கேடும் இதிலேயே இருக்கிறது என்று நாம் கருதுகிறோம். 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டதும், அரசின் 200 ரூபா வரவுக் கொடுப்பனவையும் சேர்த்து அதை 1750 ஆக்குவதாக 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டதும் புள்ளிவிவரங்களே, மெய்யானவை, ஆதாரம் உள்ளவை. பொறி புள்ளிவிவரத்தை விரும்புகிறதென்றால், இவற்றைச் சேர்த்து எழுத ஏன் எந்தக் கடைக்காரரும் கேட்பதில்லை?

மார்க்சிய நூல்களில் பழகிய வாசகர் இன்னொரு வினாவையும் எழுப்புவர். வாவிக்கரைக் கடைகள் எல்லாமே இவ்வேலையில் இறங்கினால் என்ன நடக்கும்? ஒரு விடையில் மூன்று நான்கு பேருக்கே இடமுண்டு. ஒருவர் ஏறினால் ஒருவர் இறங்குவார். பயணிகளின் தொகை கூடாது. அவர்கள் குடிக்கும் தேநீரும் கூடாது. செலவு மட்டும் எல்லாருக்கும் கூடும். வாங்கல் விற்றலுக்காக மட்டும் செய்யப்படும் செலவு புதிய மதிப்பை ஆக்குவதில்லை, வேறிடத்தில் ஆக்கப்பட்ட மதிப்பிலிருந்தே அது எடுக்கப்படுகிறது என்று மார்க்ஸ் 'மூலதனம்' இரண்டாம் தொகுதியில் நிறுவினார். நிறுத்தினால் பின்தங்குவோம் என்ற பயத்தில் ஒவ்வொருவரும் தொடர்வர். செலவைப் பொட்டலத்தின் விலையில் ஏற்ற முடியாதபோது அது எங்கே இறங்கும் என்பதை மலையகத்துக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் சொன்னதால், பேர் தெரியாமல் இருப்பதே புனிதம் என்று நாம் வாதிடுவதாகக் கொள்ளலாகாது. இந்நாட்டுத் தேயிலையின் பெரும்பகுதியை இன்று தருவோர் சிறு தோட்ட உடைமையாளர்கள். அவர்களில் சிலர் கூட்டாகச் சேர்ந்து, நியாயமான கூலி கொடுத்துத் தாமே பொட்டலம் கட்டி விற்க முயன்றால், அவர்களுடைய பேர் உலகத்துக்குத் தெரிய வேண்டாமா? மெய்யைச் சொல்பவன் மௌனமாக இருந்தால் விடைப்பொறி பொய்யைக் கொண்டுதானே பசியாறும்! மலையகத்தின் வரலாறும் வாழ்வும் தமிழிலும் பிற மொழிகளிலும் எழுதப்படாத வரை, பொறி கற்பது துரைமாரின் நினைவுக் குறிப்புகளையும் கம்பனிகளின் பிரசுரங்களையுமே. ஆகவே பொறிக்கு எழுதலாமா என்பது நம் வினா அன்று. என்ன எழுதுகிறோம், அதன் பயனை எந்தத் தராசில் நிறுக்கிறோம் என்பதே வினா. இளைஞரிடமும் இதையே சொன்னோம். வேலையை விட்டுவிடு என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. அவருடைய சம்பளத்தில்தான் தாயின் மருந்துச் செலவு நடக்கிறது. மாதச் சம்பளம் நிச்சயமாக வரும் இடத்தில் இருந்துகொண்டு பிறருக்குத் தியாகத்தைப் போதிப்பது ஆசிரியர்களுக்கு வாய்த்த எளிய குற்றம்.

ஒரு மாதம் கழித்து அவர் மறுபடியும் வந்தார். அறிக்கையில் புதிதாக ஒரு நிரல் சேர்த்திருந்தார். தலைப்பு, 'கழிவு'. பெரஹரா, விடுமுறை, நாட்டுக்குப் பொதுவாகக் கூடிய பயணிகள் என்று காரணம் காட்டிக் கழித்த பின், எஞ்சியதை ஒரே எண்ணாகச் சொல்லாமல், இதற்கும் இதற்கும் இடையில் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம் என்று எழுதியிருந்தார். முதலாளி அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, மற்ற நிலையத்தார் காட்டும் அறிக்கையில் இப்படியொரு நிரல் இல்லையே என்றாராம். கோபித்துக்கொள்ளவில்லை. ஒப்பந்தத்தை நீடிப்பதாகவும் சொல்லவில்லை. பக்கங்களில் பாதியைத் தொடாமல் விடும் யோசனைக்கு மட்டும், கட்டணமும் பாதியாகுமென்றால் சம்மதம் என்றார்.

மகிழ்ச்சி பொங்கும் கைகளையும் அந்த மேற்கோளையும் இளைஞர் நீக்கிவிட்டார். அவற்றின் இடத்தில் இரண்டு செய்திகளை எழுதினார்: ஒரு கிலோ தேயிலை ஆக நாலரைக் கிலோ கொழுந்து பறிக்க வேண்டும் என்பது ஒன்று, அதைப் பறிப்பவரின் நாட்சம்பளம் எவ்வளவு என்பது மற்றொன்று. முதலாளி இரண்டாவதை வெட்டினார். முதலாவதை விட்டு வைத்தார்.

சில கிழமைகளின் பின் நாமே ஒரு விடைப்பொறியிடம், கண்டியில் வாங்கும் தேயிலை எவ்வாறு உண்டாகிறது என்று கேட்டுப் பார்த்தோம். விடையின் நடுவில் அந்த நாலரைக் கிலோ இருந்தது. கடையின் பேர் இல்லை. அந்த வரி இளைஞர் எழுதியதிலிருந்து வந்ததா, முன்பே வேறெங்காவது இருந்ததா என்று அறிய வழியில்லை. அடுத்த அறிக்கையில் அதை எந்த நிரலில் எழுதுவது என்று அவர் நம்மிடம் கேட்டார்.